ஃபுகுசா: பரிசின்மேல் விரித்த பட்டைப் படிப்பது எப்படி

நீலச் சாட்டின் பட்டு. ஏறக்குறையச் சதுரம், ஒரு பக்கம் முக்கால் மீட்டரைத் தாண்டாது. கீழ் மூலையில் சருகு வாரும் ஒரு மூங்கில் வாரியும் ஒரு துடைப்பமும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. சுற்றிலும் பொன்னிழையில் நாலைந்து பைன் இலைகள் உதிர்ந்திருக்கின்றன. மீதி இடமெல்லாம் வெறும் நீலம். இப்படியொரு துணியை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் முதன்முதலில் பார்த்தபோது, தையல் நன்றாக இருக்கிறது என்ற அளவில் ரசித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன். அது ஒரு திருமண வாழ்த்து என்பதும், அந்தப் படத்துக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அந்த இருவரும் ஐந்தாம் படியில் வருவார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பரிசின்மேல் விரிக்கும் ஃபுகுசா என்னும் ஜப்பானியப் பட்டுத்துணிகளை அருங்காட்சியகத்திலோ படங்களிலோ பார்த்து, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் படி: எது ஃபுகுசா என்று பிரித்தறியுங்கள்

ஒரே பெயரில் மூன்று பொருள்கள் உலவுகின்றன. தேநீர்ச் சடங்கில் இடைக்கச்சையில் செருகியிருக்கும் ஒற்றை நிறப் பட்டுத்துணி ஒன்று. தேயிலைக் குப்பியையும் கரண்டியையும் துடைப்பதற்கானது. பெரும்பாலும் ஆண்களுக்கு ஊதா, பெண்களுக்குச் சிவப்பு. இன்றைய கடைகளில் அதிகம் விற்பது இன்னொன்று: மொய்ப்பணம் வைத்த உறையைச் சுற்றி எடுத்துப்போகும் சிறு மடிப்புத்துணி. சுப நிகழ்ச்சிக்குச் சிவப்புச் சாயல்கள், துக்கத்துக்குச் சாம்பலும் கருநீலமும், இரண்டுக்கும் பொதுவாக ஊதா.

நாம் பேசப்போவது மூன்றாவதை. அதன் முழுப்பெயர் காகே-ஃபுகுசா. போர்த்தும் ஃபுகுசா என்று பொருள். பரிசின்மேல் விரிக்கும் துணி. இதை ஃபுரோஷிகியோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஃபுரோஷிகி பொருளைச் சுற்றி முடிச்சுப் போடும் மூட்டைத்துணி. ஃபுகுசாவில் முடிச்சே விழாது. மேலே படர்ந்து நான்கு பக்கமும் தொங்கும், அவ்வளவுதான். படம் கசங்காமல் விரிந்து தெரிய வேண்டும் என்பதால் அப்படி.

இரண்டாம் படி: அது போய்த் திரும்பும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தத் துணி சுவரில் மாட்டுவதற்காகப் பிறந்ததில்லை. ஜப்பானிய வரலாற்றில் ‘எடோ காலம்’ எனப்படும் 1603 முதல் 1868 வரை, பிரபுக் குடும்பங்களிலும் பிறகு வசதியான வணிகர் வீடுகளிலும் முறையான பரிசு இப்படித்தான் போனது. பொருள் ஒரு பெட்டியில் இருக்கும். பெட்டி அரக்குப் பூசிய தட்டின்மேல் இருக்கும். அதன்மேல் ஃபுகுசா. பணியாள் சுமந்துபோய்ச் சேர்ப்பார். பெற்றவர் முதலில் பார்ப்பது பரிசை அன்று, துணியை. பார்த்து ரசித்து, விலக்கி, பரிசை எடுத்துக்கொண்டு, துணியையும் தட்டையும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்.

திருப்பி அனுப்பிவிடுவார் என்பதை மனத்தில் வையுங்கள். பிற எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி. பரிசு அங்கே தங்கிவிடும். பரிசைப் பற்றிய சொல் வீடு திரும்பிவிடும். பெற்றவர் கண்முன் அது சிறிது நேரமே இருக்கும். அந்த நேரத்துக்குள் எதற்காக வந்தது, என்ன வாழ்த்து, அனுப்பியவரின் ரசனை எப்படிப்பட்டது என்பதெல்லாம் புரிந்துவிட வேண்டும். பட்டில் படம் எழுதியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பார்ப்பவர் கொஞ்சம் யோசித்தால் பிடிபடும், யோசிக்காவிட்டாலும் அழகாக இருக்கும் என்ற அளவில் புதிரை வைத்தார்கள்.

எல்லாமே திரும்பிப் போய்விடவுமில்லை. நாரா நகரிலுள்ள கொன்புயின் என்னும் பெண் துறவியர் மடத்தில் 31 பூத்தையல் ஃபுகுசாக்கள் இருக்கின்றன. ஜப்பானை ஆண்ட ஷோகன் என்னும் படைத்தலைவர்களில் ஐந்தாமவரான தொகுகாவா த்சுனயோஷி, ஸுய்ஷுன்-இன் என்று பின்னாளில் அழைக்கப்பட்ட தம் காதற்கிழத்திக்குக் கொடுத்த பரிசுகளோடு போனவை. இன்று அவை ஜப்பானின் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகள். ஒரு மனிதர் ஒரு பெண்ணுக்கு அடுத்தடுத்துச் சொன்ன நல்வாக்குகள் வரிசையாக அப்படியே எஞ்சியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

வழக்கம் இன்னும் முழுக்க மறையவில்லை. கியோத்தோ பக்கம் திருமணத்துக்கு முன் மொய் கொண்டுபோய்க் கொடுக்கும் வீடுகளில் பணவுறையைச் சிறு அரக்குத் தட்டில் வைத்து, குடும்ப முத்திரை போட்ட ஃபுகுசாவால் மூடி, எல்லாவற்றையும் ஃபுரோஷிகியில் கட்டி எடுத்துப்போவார்கள். அங்கே போனதும் மூட்டையைப் பிரித்து, தட்டைப் பெறுபவர் பக்கம் திருப்பி நீட்டுவார்கள். தட்டை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் அங்கே இல்லை. வந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கை அதே தட்டில் வைத்துக் கொடுப்பதற்கு ‘ஒதாமே’ என்று பெயர்.

மூன்றாம் படி: என்ன விசேஷம் என்று முதலில் கேளுங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் பிழை, ஒவ்வொரு உருவத்துக்கும் அகராதிப் பொருள் தேடுவது. கொக்கு என்றால் ஆயுள், கெண்டை என்றால் வெற்றி என்று பட்டியல் போட்டால் பாதிதான் கிடைக்கும். இது எந்த நாளைக்கான துணி என்று முதலில் கேளுங்கள்.

புத்தாண்டுக்கு அடையாளம் காண்பது எளிது. ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள் ஏறிவரும் புதையல் கப்பல் இருக்கும். அல்லது ஃபுஜி மலை, வல்லூறு, கத்தரிக்காய் மூன்றும் சேர்ந்திருக்கும். ஆண்டின் முதல் கனவில் இந்த மூன்றில் ஒன்று வந்தால் நல்லது என்பது ஜப்பானிய நம்பிக்கை. அந்த வரிசையில் கத்தரிக்காய்க்கு மூன்றாம் இடம். இது தெரியாவிட்டால் பட்டில் எதற்குக் கத்தரிக்காய் என்று விழிப்போம்.

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் ஆண்பிள்ளைகளுக்கான விழா. அருவியை எதிர்த்து ஏறும் கெண்டை, போர்த் தலைக்கவசம், வாளைப் போன்ற இலை கொண்ட ஐரிஸ் செடி ஆகியவை அதற்குரியவை. அருவியை ஏறிக் கடந்த கெண்டை டிராகனாக மாறும் என்ற சீனக் கதை அந்தக் கெண்டைக்குப் பின்னால் இருக்கிறது. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் சாமந்திக்கு. பைன், மூங்கில், பிளம் மூன்றும் சேர்ந்து வந்தால் புத்தாண்டாகவும் இருக்கலாம், திருமணமாகவும் இருக்கலாம். குளிரிலும் பசுமை மாறாதவை முதல் இரண்டும். பனி கரையும் முன்பே பூத்துவிடுவது பிளம். உச்சந்தலை சிவந்த கொக்கும் ஆமையும் ஜோடி சேர்ந்தால் ஆயுள் வாழ்த்து. கொக்குக்கு ஆயிரம் ஆண்டு, ஆமைக்குப் பத்தாயிரம் என்பது வழக்கு. ஆமையின் பின்னால் நீண்ட வால் போல ஏதோ தொங்கினால் தவறாக வரைந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வயது முதிர்ந்து முதுகில் வளர்ந்த பாசி அது.

திருமணத்துக்கு இன்னொரு நல்ல அடையாளம் சிப்பி. ஒரு சிப்பியின் இரு ஓடுகள் ஒன்றோடொன்று மட்டுமே பொருந்தும். வேறெந்தச் சிப்பியின் ஓட்டோடும் சேராது. ஓடுகளின் உட்புறத்தில் படம் தீட்டி ஜோடி சேர்க்கும் விளையாட்டு பிரபு வீடுகளில் இருந்தது. அந்தச் சிப்பிகளை வைக்கும் எண்கோணப் பெட்டிகள் மணமகளின் சீர்வரிசையில் போயின. பட்டில் அந்தப் பெட்டியும் இரண்டு சிப்பிகளும் இருந்தாலே போதும், மேலே எதுவும் எழுத வேண்டியதில்லை.

நான்காம் படி: பெயர்களை உச்சரித்துப் பாருங்கள், எண்ணியும் பாருங்கள்

சில படங்கள் கண்ணுக்கானவை அல்ல, காதுக்கானவை. சிவப்பான கடல்மீன் ஒன்று வால் தூக்கி நிற்கும். அதன் ஜப்பானியப் பெயர் ‘தாய்’. மங்கலகரமானது என்பதற்குரிய சொல் ‘மெதெதாய்’. மீனைப் பார்த்தவர் வாயில் வாழ்த்து வந்துவிடும். சிவந்த சிறு கனிகள் கொத்தாகத் தொங்கும் ‘நான்தென்’ செடியும் அப்படியே. இடுக்கண்ணைத் திருப்பிவிடுவது என்ற பொருள் அந்த ஒலிக்குள் கேட்கும்.

கோடரி, கோத்தோ என்னும் நரம்பிசைக் கருவி, சாமந்திப்பூ மூன்றும் ஒரே துணியில் இருந்தால் முதலில் தலை சுற்றும். கோடரிக்கு ‘யோகி’, கருவிக்கு ‘கோத்தோ’, பூவுக்கு ‘கிகு’. சேர்த்துச் சொன்னால் ‘யோகி கோத்தோ கிகு’: நல்ல செய்தி கேட்பது. இதைவிட அழகாக ஒரு பரிசு வாசலில் வந்து நிற்க முடியுமா?

எண்ணுவதையும் பழகிக்கொள்ளுங்கள். குதிரைகள் ஒன்பது இருந்தால் காரியம் கைகூடும் என்பதற்கு ஒலி ஒற்றுமை. சுரைக்குடுவை ஆறு இருந்தால் நோயின்மை. ஐந்தோ ஏழோ இருந்தால் அந்தப் பொருள் இல்லை.

ஐந்தாம் படி: படத்தில் இல்லாதவரைத் தேடுங்கள்

வாரியையும் துடைப்பத்தையும் எங்கே பார்த்தாலும் எனக்கு இந்தப் படிதான் நினைவுக்கு வருகிறது. ஜப்பானிய அலங்காரக் கலையில் ‘ருசு மோன்யோ’ என்றொரு முறை உண்டு. ‘ருசு’ என்றால் ஆள் வீட்டில் இல்லை. கதையின் மனிதர்களை வரையாமல் அவர்களின் கைப்பொருள்களை மட்டும் வைத்துவிட்டுப் போவது அந்த முறை. கதை தெரிந்தவர் ஆட்களைத் தாமே கொண்டுவந்து நிறுத்திக்கொள்வார்.

தகாசாகோ என்னும் ஊர்க் கடற்கரையில் ஒரு பைன் மரம். தொலைவில் சுமியோஷியில் இன்னொரு பைன். இரண்டும் ஜோடி மரங்கள் என்று பெயர். ‘நோ’ என்னும் பழைய ஜப்பானிய நாடக வகையின் மேதை ஸெயாமியின் ‘தகாசாகோ’ நாடகத்தில், பயணியாக வரும் ஒரு பூசாரி அங்கே மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருக்கும் கிழவரையும் கிழவியையும் சந்திக்கிறார். கிழவர் சுமியோஷிக்காரர், கிழவி தகாசாகோக்காரர். ஊர்கள் இவ்வளவு தள்ளியிருக்க நீங்கள் எப்படித் தம்பதிகள் என்று பூசாரி கேட்கிறார். மலையும் ஆறும் நடுவில் இருந்தாலும் மனம் சேர்ந்தவர்களுக்குத் தொலைவு கிடையாது என்பது கிழவி சொல்லும் பதிலின் சாரம். அவர்கள்தாம் அந்த இரு மரங்களின் ஆவிகள். அந்த நாடகப் பாட்டைத் திருமணங்களில் பாடுவது நெடுநாள் வழக்கம்.

கிழவரின் கையில் வாரி, கிழவியின் கையில் துடைப்பம். வாரி நல்லதை வாரிச் சேர்க்கும், துடைப்பம் கெட்டதைப் பெருக்கித் தள்ளும் என்று மக்கள் பொருள் சொல்வார்கள். இப்போது அந்த நீலப் பட்டுக்குத் திரும்பிப் போங்கள். வாரி ஒன்று, துடைப்பம் ஒன்று, சில பைன் இலைகள். வேலை முடித்து இருவரும் எங்கோ போயிருக்கிறார்கள். கருவிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. மணமக்களுக்கு இதைவிடத் தணிந்த குரலில் நூறாண்டு வாழ்க என்று சொல்ல முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆட்களையும் வரைந்த ‘தகாசாகோ’ ஃபுகுசாக்கள் ஏராளம். அவையும் அழகுதான். ஆனால் ஆளில்லாததையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இன்னொரு எடுத்துக்காட்டு: பெரிய மத்தளம் ஒன்று, அதன்மேல் சேவல். பழஞ்சீன அரசர் யாவ், குறையுள்ளவர் எவரும் வந்து அடிக்கலாம் என்று வாசலில் மத்தளம் வைத்தாராம். ஆட்சி நல்லாட்சி, அடிக்க ஒருவரும் வரவில்லை. ஆளரவம் இல்லாத மத்தளத்தில் கோழிகள் வந்து குடியேறிவிட்டன. ஆராய்ச்சி மணியின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும். அங்கே மணி ஒலித்ததால் கதை பிறந்தது, இங்கே மத்தளம் ஒலிக்காததால்.

பனி மூடிய மூங்கிலும் ஒரு மண்வெட்டியும் இருந்தால் அது மோசோ. நடுக்குளிரில் மூங்கில் குருத்து வேண்டுமென்று நோயுற்ற தாய் கேட்க, பனியைத் தோண்டப் போன மகன். குருத்து முளைத்தது. ஜப்பானில் குருத்துக்காக வளர்க்கும் பெரிய மூங்கிலுக்கே மோசோ மூங்கில் என்றுதான் பெயர்.

ஆறாம் படி: மூக்கு கண்ணாடியில் முட்டும்வரை கிட்டே போங்கள்

படத்தைப் படித்த பிறகு கையைப் படிக்கலாம். பூத்தையல் வேலையில் பெரும்பாலும் முறுக்காத பட்டிழைதான் இருக்கும். முறுக்கு இல்லாததால் ஒளி சிதறாமல் ஒரே தகடாகப் படும். கொக்கின் சிறகில் இழைகள் ஓடும் திசை இறகுக்கு இறகு மாறும். நீங்கள் ஓரடி நகர்ந்தால் ஓர் இறகு வெளிறி அடுத்தது மின்னும். கண்ணாடிப் பெட்டிமுன் நின்று தலையை மெல்ல இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். படத்தில் பார்த்தால் இது கிடைக்காது.

பொன்னிழை நம் காஞ்சிபுரச் சரிகையைப் போன்றதன்று. நம்முடையதில் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டிழையில் சுற்றிப் பொன்முலாம் பூசுவார்கள். ஜப்பானியப் பொன்னிழையில் பொற்றாளைக் காகிதத்தில் ஒட்டி, மெல்லிய நாடாவாக வெட்டி, இழையைச் சுற்றி முறுக்குவார்கள். அந்த இழை துணிக்குள் போகாது. மேலே கிடத்தி, மெல்லிய நூலால் இடைவெளி விட்டுக் கட்டித் தைப்பார்கள். கட்டும் நூலின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு நூலென்றால் பொன் வெதுவெதுப்பாகத் தெரியும், வெளிர்நூலென்றால் குளிர்ச்சியாக.

உருவங்களைச் சுற்றி மெல்லிய வெள்ளைக்கோடு தெரிந்தால் அது தையலன்று, யூசென் சாயவேலை. பசையரிசிக் கூழைக் கூம்பிலிருந்து கோடாகப் பிழிந்து, அந்த வரம்புக்குள் சாயம் தீட்டி, பிறகு கழுவிவிடுவார்கள். கூழ் இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கியோத்தோவில் விசிறிகளுக்கு ஓவியம் தீட்டிய மியாசாகி யூசெனின் பெயர் அது.

மூன்றாவது வகை த்சுசூரே நெசவு. கியோத்தோவின் நிஷிஜின் பகுதி இதற்குப் பேர்போனது. இங்கே படமே ஊடையிழையால் நெய்யப்படுகிறது. நெசவாளர் தம் விரல் நகத்தில் அரம் போலப் பற்கள் அராவி வைத்துக்கொண்டு, நகத்தாலேயே இழையை வாரி நெருக்குவார். இரு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் சிறு கீற்றுப் பிளவு தெரியும். அது கிழிசலன்று, முறையின் அடையாளம்.

ஏழாம் படி: முடிந்தால் மறுபக்கத்தைப் பாருங்கள்

லைனிங் பெரும்பாலும் சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கிரேப் பட்டு. பல துணிகளில் அது முன்பக்க ஓரத்தில் மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கும். குடும்ப முத்திரை அந்தப் பக்கத்தில் இருக்கலாம். நான்கு மூலைக் குஞ்சங்களும் உடன்பிறந்தவையா, பிற்பாடு மாற்றியவையா என்று நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1868க்குப் பிறகு பழைய குடும்பங்களின் பெட்டிகளிலிருந்து வெளிவந்த ஃபுகுசாக்கள் மேற்கே நிறையப் போயின. 1882இல் ஜப்பானுக்குப் போய் ஏழாண்டு தங்கிய வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ சேர்த்தவை இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகங்களிலும் நல்ல தொகுப்புகள் இருக்கின்றன. மூன்றும் தங்கள் இணையதளத்தில் படங்களை வைத்திருப்பதால் வீட்டிலிருந்தே பழகலாம். தனியார் கைக்குப் போனவற்றில் பல மெத்தை உறையாகவும் சுவர்த் தொங்கலாகவும் மாறி, லைனிங்கையும் குஞ்சத்தையும் இழந்தன.

எட்டாம் படி: வாங்குவதானால், வைத்துக்கொள்வதானால்

கிமோனோவிலிருந்தும் ஒபிக் கச்சையிலிருந்தும் வெட்டிய துண்டுகளை ஃபுகுசா என்று விற்பவர்கள் உண்டு. ஃபுகுசாவின் படம் அந்தச் சதுரத்துக்காகவே யோசித்தது. ஒரு கிளை ஓரத்தைத் தாண்டி ஓடலாம், அது ஜப்பானியப் பாணி. ஆனால் எதிர்ப்பக்க வெற்றிடம் அதைத் தாங்கி நிற்கும். அந்தச் சமநிலை இல்லாமல் ஒரே அலங்காரம் நான்கு பக்கமும் அறுபட்டு நின்றால் சந்தேகப்படுங்கள். தையல் இழை எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தில், ஒரே முறுக்கில் இருந்தால் இயந்திர வேலை. தொடக்கத்தில் பெரிய வேலைப்பாட்டைத் தேட வேண்டாம். பழுதில்லாத சிறிய துணி, நீங்கள் படிக்கக் கூடிய படம், அது போதும்.

தண்ணீர் படவே கூடாது. பழைய சிவப்பு லைனிங்குகளில் பலவும் குசும்பப்பூச் சாயம் ஏறியவை. என்னிடமிருந்த ஒரு சிறு துணியின் கறையை ஈரப் பஞ்சால் ஒற்றியபோது சிவப்பு கிளம்பி முன்பக்கத்து வெள்ளை இழைவரை ஊறிவிட்டது. இன்றும் அந்தப் பிளம் பூவைப் பார்க்க மனம் வலிக்கிறது. பொன்னிழையின் காகிதமும் ஈரத்தைத் தாங்காது. இஸ்திரிப் பெட்டி, பாச்சை உருண்டை, செல்லோடேப் எதுவும் துணியைத் தொடக் கூடாது.

வெயில் இன்னும் பெரிய பகை. சுவரில் நிரந்தரமாக மாட்டாதீர்கள். ஓரிரு வாரம் பார்த்துவிட்டு ஓய்வு கொடுங்கள். கஞ்சி போக அலசிக் காயவைத்த காடாத்துணியை நடுவில் வைத்துத் தட்டையாகவோ உருளையில் சுருட்டியோ வையுங்கள். சுருட்டும்போது தையல் பக்கம் வெளியே இருக்கட்டும். மடிப்பு விழுந்த இடத்தில்தான் பொன்னிழை முதலில் உடையும். கறுப்பு, பழுப்பு இழைகள் மற்றவற்றுக்கு முன்பே பொடிந்து உதிர்வதைக் கண்டால் கவனக்குறைவு என்று வருந்த வேண்டாம். இரும்புச் சத்துள்ள பழைய சாயம் தன் இழையைத் தானே தின்றுவிடும்.

ஜப்பானியர்கள் ஈரப்பதம் குறைந்த பருவத்தில் பட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து நிழலில் காற்றாட விடுவார்கள். ‘முஷிபோஷி’ என்று பெயர். உங்கள் ஊரில் காற்று உலர்ந்திருக்கும் நாளாகப் பார்த்து ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்யுங்கள். கைகழுவித் துடைத்துக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு எடுங்கள். பட்டில் விரல் படாமல் தூக்குவதற்குத்தான் மூலைகளில் குஞ்சம் வைத்தார்கள். ஆனால் நூறாண்டு கடந்த குஞ்சத்தின் நூலை நம்பித் தூக்காதீர்கள். அடியில் ஓர் அட்டையைக் கொடுத்துத் தூக்குங்கள்.